எடை எந்தக் காலில்? திரிபங்கமும் கான்ட்ரபோஸ்டோவும்

கேள்வி (ஒரு வாசகர்):
சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் அம்மன் இடுப்பை ஒடித்து நிற்பது கிரேக்கர்கள் கொடுத்ததுதானே? அலெக்சாண்டர் வந்தார், பிறகு காந்தாரத்தில் சிலை செய்தார்கள், அங்கிருந்து தெற்கே இறங்கியது. மைக்கலாஞ்சலோவின் தாவீதும் அதே மாதிரிதான் நிற்கிறான். கண்டுபிடிப்பு ஒன்று, பெயர் இரண்டு. சரியா?

ஜூன் 4
நிற்கும் விதத்தில் ஒற்றுமை இருப்பது உண்மை. உடம்பு மூன்று இடத்தில் வளைந்து நிற்பதை நாம் திரிபங்கம் என்கிறோம், எடையை ஒரு காலில் போட்டு நிற்பதை மேற்கே கான்ட்ரபோஸ்டோ என்கிறார்கள். இவர் கொடுத்தார், அவர் வாங்கினார் என்கிற கதைதான் எனக்கு ஒட்டவில்லை.

மொகஞ்சதாரோவில் 1926-இல் கிடைத்த சின்ன வெண்கலப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். பத்தரை செ.மீ. உயரம், டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறாள். வலது கையை இடுப்பில் ஊன்றி, ஒரு முழங்காலை முன்னால் தள்ளி, "என்ன இப்போ?" என்று கேட்பது போல நிற்கிறாள். கிரேக்கத்தில் ஒரு காலில் எடை போட்டு நிற்கும் சிலை பிறப்பதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு முன்னால் செய்தது. சாஞ்சியின் கிழக்குத் தோரணத்தில் மாமரக் கிளையைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி நிற்கும் யட்சியும் காந்தாரத்துப் புத்தர்களுக்கு முந்தியவள்.

ஒரு காலில் சாய்ந்து நிற்பதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். ரேஷன் கடை வரிசையில் இடுப்பில் குழந்தையோடு நிற்கும் எந்த அம்மாவும் அப்படித்தான் நிற்கிறார். என்னைக் கேட்டால், "யார் முதலில்?" என்பதை விட்டுவிட்டு, "ஒரு பக்கம் சாய்ந்த உடம்பை எதைக்கொண்டு நிமிர்த்தினார்கள்?" என்று கேட்க வேண்டும். அங்கேதான் இரண்டு மரபும் பிரிகின்றன. நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

ஜூன் 4, இரவு
கிரேக்கப் பக்கத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது ஒழுங்காக ஆவணப்பட்ட கதை.

கி.மு. 600-ஐ ஒட்டிய இளைஞர் சிலைகள், அதாவது கூரோஸ் என்று சொல்கிறார்களே அவை, இடது காலை முன்னால் வைத்திருக்கும். பார்த்தால் நடப்பது போலத் தோன்றும். ஆனால் இடுப்பைப் பாருங்கள், மட்டப்பலகை வைத்த மாதிரி நேராக இருக்கும். கால் முன்னால் போன சேதி இடுப்புக்கு வந்து சேரவில்லை. எகிப்தியச் சிலைகளிலும் இதே கதைதான்.

கி.மு. 480-ஐ ஒட்டி ஏதென்ஸில் ஒரு பையன் சிலை வருகிறது. கிரிட்டியோஸ் பையன் என்று பெயர். இப்போது மிச்சமிருப்பது 1.17 மீட்டர். அக்ரோபோலிஸில் உடல் 1865-இலும் தலை 1888-இலும் தோண்டி எடுக்கப்பட்டன. எடை இடது காலில். வலது முழங்கால் இளகியிருக்கிறது, வலது இடுப்பு இறங்கியிருக்கிறது, தலை வலப்பக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. அவ்வளவுதான் மாற்றம், ஒரு சாண் அகலத்துக்குள் நடந்த விஷயம். சேதி கடைசியில் இடுப்புக்கு வந்துவிட்டது.

இந்தப் பையனுக்குப் பாதங்கள் இல்லை, உடைந்து போயின. மொகஞ்சதாரோப் பெண்ணுக்கும் பாதங்கள் இல்லை. இரண்டிலும் எடை எந்தக் காலில் என்பதை இடுப்பை வைத்தே படித்துவிட முடிகிறது. நல்ல சிற்பி என்பதற்கு எனக்கு இது போதும்.

ஜூன் 5
"இடுப்பு இறங்குவதா? எலும்பு எப்படி இறங்கும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கண்ணாடி முன் நின்று, இரண்டு கட்டைவிரலையும் இரண்டு பக்க இடுப்பெலும்பின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். எடையை வலது காலுக்கு மாற்றி இடது முழங்காலைத் தளர விடுங்கள். இடது கட்டைவிரல் கீழே போகும். அந்தச் சாய்வை ஈடுகட்ட முதுகெலும்பு வளையும், வலது தோள் தாழும். எதையும் நீங்கள் செய்ய வேண்டாம், உடம்பே செய்துகொள்ளும்.

பேன்ட் தைக்க அளவெடுக்கும் டெய்லர் "நேரா நில்லுங்க சார்" என்று சொல்வது இதனால்தான். ஒரு காலில் சாய்ந்து நின்றால் இடுப்பிலிருந்து தரை வரையான அளவு இரண்டு பக்கமும் வேறுவேறாக வரும்.

ஜூன் 7
கிரேக்கச் சிற்பி பொலிக்ளெய்டோஸ் பற்றிச் சொல்லாமல் இந்த இழையை நகர்த்த முடியாது. கி.மு. 440 வாக்கில் அவர் வார்த்த 'ஈட்டி ஏந்தியவன்' வெண்கலச் சிலை அழிந்துவிட்டது. நமக்குக் கிடைத்திருப்பவை ரோமானியர்களின் பளிங்குப் பிரதிகள். இத்தாலியின் பொம்பெய் நகரில் கிடைத்து இப்போது நேப்பிள்ஸில் இருக்கும் பிரதி 2.12 மீட்டர் உயரம்.

அதில் ஒரு குறுக்குக் கணக்கு இருக்கிறது. வலது கால் எடை தாங்குகிறது, இடது கால் பின்னால் குதிகால் தூக்கிச் சும்மா இருக்கிறது. மேலே அப்படியே தலைகீழ்: இடது கை மடங்கி ஈட்டியைப் பிடிக்கிறது, வலது கை சும்மா தொங்குகிறது. வேலை செய்யும் காலும் வேலை செய்யும் கையும் எதிரெதிர்ப் பக்கம். வலது இடுப்பு ஏற, வலது தோள் இறங்க, அந்தப் பக்க விலா சுருங்கி, எதிர்ப்பக்கம் விரிகிறது. ஒரு காலில் எடையைப் போட்டதற்கு உடம்பு முழுவதும் பதில் சொல்கிறது.

ஒரு காலில் நிற்கும் சிலைகள் அவருடைய கண்டுபிடிப்பு என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். கூடவே, அவர் சிலைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு என்று ரோமானிய அறிஞர் வாரோ சொன்னதையும் சேர்த்திருக்கிறார். பாராட்டும் குறையும் அடுத்தடுத்த வரியில்.

நான் ஓவியம் படித்த காலத்தில் எங்களுக்கு மாடலாக ஒரு பெரியவர் வந்து நிற்பார். ஒரு காலில் சாய்ந்து நிற்கச் சொன்னால் முதல் சில நிமிடம் அருமையாக இருக்கும். அப்புறம் கால் மரத்துப் போகும், அவரை அறியாமல் எடை மறுகாலுக்குப் போகும், வரைந்தது வீணாகும். அதனால் பாதத்தைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவைப்போம். ஓய்வுக்குப் பிறகு அதே இடத்தில் நிற்பார். கோடு சரியாக இருந்தாலும் இடுப்பு அதே மாதிரி திரும்பி வராது. கல்லில் அந்த ஒரு கணத்தைப் பிடித்து நிறுத்தியவர்கள் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

ஜூன் 7, சற்று நேரம் கழித்து
விட்டுப் போனது. வாசகர் தாவீதைச் சொன்னாரே, 5.17 மீட்டர் பளிங்கு, 1501-இல் தொடங்கி 1504-இல் முடித்தது. எடை வலது காலில். அந்தக் காலுக்குப் பின்னால் பளிங்கிலேயே செதுக்கிய ஒரு அடிமரம் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். பளிங்கு அமுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. அவ்வளவு உடம்பையும் கணுக்கால் இரண்டு தாங்க வேண்டியிருப்பதால் அந்த மரம். அப்படியும் காலின் கீழ்ப்பகுதியிலும் அடிமரத்திலும் மயிரிழை விரிசல்கள் விழுந்திருக்கின்றன. வெண்கலத்துக்கு இந்தக் கஷ்டம் இல்லை, அதனால்தான் பொலிக்ளெய்டோஸின் மூலச் சிலைக்கு மரம் தேவைப்படவில்லை. பளிங்கில் பிரதி எடுத்தவர்கள் பக்கத்தில் மரத்தை நட்டார்கள்.

ஜூன் 8
காந்தாரம் பற்றி மறுபடி கேட்கிறார்கள். காந்தாரத்துப் புத்தர்களிலும் போதிசத்துவர்களிலும் கிரேக்க-ரோமானியக் கைவாடை இருப்பதை யாரும் மறுக்க முடியாது. துணி மடிப்புக்குள் ஒரு முழங்கால் லேசாகத் துருத்தி நிற்கும். அது அந்த ஊர்க் கதை. அதற்கு முன்பே பார்ஹுத் பௌத்த ஸ்தூபியில் யட்சிகள் மரத்தைக் கட்டிக்கொண்டு இடுப்பை வளைத்து நின்றாயிற்று. தஞ்சைப் பக்கத்து அம்மனுக்கு அவர்கள்தான் பாட்டி முறை.

ஜூன் 11
இப்போது நம் பக்கம். திரிபங்கத்தில் கால் முதல் இடுப்பு வரை ஒரு பக்கம், இடுப்பு முதல் கழுத்து வரை மறுபக்கம், தலை திரும்பவும் முதல் பக்கம். இதை அளப்பதற்கு ஒரு நூல். மேலிருந்து தூக்குக்குண்டு விட்டால் நூல் ஒரு கண்ணின் கருவிழி, மார்பின் நடு, தொப்புளுக்கு ஒரு பக்கம் என்று இறங்கிக் குதிகால்களிடம் வந்து சேர வேண்டும். வங்காள ஓவியர் அபனீந்திரநாத் தாகூர் 1914-இல் எழுதிய கட்டுரையில் இதைப் படம் போட்டே காட்டியிருக்கிறார். இதைவிட மென்மையான வளைவு ஆபங்கம். வளைவே இல்லாமல் நேராக நின்றால் சமபங்கம். மிகையாக வளைந்தால் அதிபங்கம்.

சுவாமிமலையில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தபோது ஸ்தபதி ஒரு தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துக் குறி வைத்துக்கொண்டிருந்தார். ஒடிஓலை என்கிறார்கள். முகம் எவ்வளவு, கழுத்து எவ்வளவு, மார்பு எவ்வளவு எல்லாம் அந்த ஓலையில் அடங்கிவிடும். முதன்மைத் தெய்வத்துக்கு உத்தம தசதாளம் என்ற அளவுமுறை, அதில் மொத்த உயரம் 124 பங்கு. தேவிக்கு மத்திம தசதாளம், 120 பங்கு. பக்கத்தில் மெழுகில் ஒரு அம்மன், கை இன்னும் ஒட்டாமல். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்த மெழுகு, சுடவைத்த கத்தியால் இடுப்பில் ஒரு வழி வழித்தார். சதை இருந்த இடம் குழிந்தது. உடனே எதிர்ப்பக்கத்தில் ஒரு பொட்டு மெழுகு வைத்துத் தேய்த்தார். "எடுத்த பக்கம் எடுத்தா மட்டும் போதாது தம்பி, அந்தப் பக்கம் வைக்கணும்" என்றார். பொலிக்ளெய்டோஸ் பற்றி நான் படித்ததை எல்லாம் ஒரே வாக்கியத்தில் சொன்ன மாதிரி இருந்தது.

ஆனால் வேறுபாடும் அங்கேதான் தெரிந்தது. கிரேக்கச் சிலையில் தசை கண்ணுக்குத் தெரியும், எந்தத் தசை இறுகியது, எது தளர்ந்தது என்று விரல் வைத்துச் சொல்லலாம். அம்மனின் நிற்கிற காலில் இறுக்கமே இல்லை. தொடை வழவழவென்று முழங்காலில் இறங்குகிறது, முழங்கால் சில்லு கூட லேசாகத்தான் தெரிகிறது. எடையைக் காட்டுவது கால் தசை இல்லை, நூலிலிருந்து உடம்பு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே. இத்தாலியில் லியோனார்டோவும் இந்த நூலைச் சொல்லியிருக்கிறார்: கழுத்துக்குழி, தாங்கும் காலின் கணுவுக்கு நேர்மேலே வர வேண்டும். அவருக்கு அது உடம்பைப் பார்த்துக் கற்ற பாடம். ஸ்தபதிக்கு உடம்பு வருவதற்கு முன்பே நூல் இருக்கிறது.

ஜூன் 12
நடனம் ஆடும் ஒருவர் எழுதியிருந்தார், பரதத்தில் இதற்கு என்ன என்று. பரதத்தின் அரைமண்டியில் எடை இரண்டு காலிலும் சமம். ஒடிசி நடனம்தான் திரிபங்கியை அடிப்படை நிலையாக வைத்திருக்கிறது. அதைப் பழகுகிறவர்களிடம் கேளுங்கள், இடுப்பைப் பக்கவாட்டில் தள்ளி, மார்பை எதிர்ப்பக்கம் தள்ளி, முகம் சிரித்தபடி இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்வார்கள்.

ஜூன் 15
பின்பக்கம் பார்க்க மறந்துவிடாதீர்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில் சில சிலைகளைச் சுற்றி வந்து பார்க்கலாம். முன்னால் ஆரம், அட்டிகை, பூணூல், ஒட்டியாணம் என்று கண்ணை இழுக்க ஆயிரம் இருக்கும். பின்னால் முதுகுத்தண்டின் பள்ளம் ஒன்றுதான். தலைக்குப் பின்னால் இருக்கும் சிரச்சக்கரத்துக்குக் கீழே தொடங்கி, ஒரு பக்கம் சாய்ந்து, இடுப்பாடையின் விளிம்புக்கு மேல் மறுபக்கம் திரும்பும் ஒரே கோடு. பக்கவாட்டில் நின்று பார்த்தால் வளைவு அவ்வளவாகத் தெரியாது, அது முழுக்க இடவலமாகவே ஓடுகிறது.

கோயிலில் இதில் எதையும் பார்க்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். உற்சவத் திருமேனிக்குப் பட்டு, மாலை, கவசம் எல்லாம் சாத்திய பிறகு முகமும் கையும் மட்டும் மிஞ்சும். இடுப்பு எந்தப் பக்கம் என்றே தெரியாது. திருமஞ்சனத்தின்போது, ஈரத் துணி ஒன்று மட்டும் சுற்றியிருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான். அப்போதும் பாலும் மஞ்சளும் வழிந்துகொண்டிருக்கும். பால் வழியும் பாதையைக் கவனித்திருக்கிறேன். தோளில் ஊற்றியது நேராக இறங்காமல், இடுப்பு தள்ளிய பக்கத்தில் போய்த் தேங்கி, அங்கிருந்து தொடை வழியாக இறங்கும்.

ஃபிளாரன்ஸில் இதற்கு நேர் எதிரான ஒரு சிலை உண்டு. டொனாடெல்லோ 1411 முதல் 1413 வரை செய்த புனித மாற்கு, லினன் துணி வியாபாரிகளின் சங்கத்துக்காக. உடம்பு முழுக்கத் துணி. எடை தாங்கும் காலின் மேல் துணி தூணின் வரிப்பள்ளம் போல நேர்நேராக விழுகிறது, தளர்ந்த காலில் முழங்கால் துணியைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. அவர் நிற்பது ஒரு தலையணை மேல், அதுவும் பளிங்கு. அங்கே துணி எடையைச் சொல்கிறது. இங்கே பட்டு மூடிவிடுகிறது, மூடப்படும் என்று தெரிந்தும் ஸ்தபதி அந்த முதுகுப் பள்ளத்தை இழைத்திருக்கிறார்.

ஜூன் 19
எனக்கு முக்கியமாகப் படுவதை இத்தனை நாள் தள்ளிப்போட்டுவிட்டேன்.

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர், அதாவது நந்தியோடு நிற்கும் சிவன், இருக்கிறார். கல்வெட்டுப்படி 1011. தலையில் சடையைத் தலைப்பாகை போலச் சுற்றிக்கொண்டு, ஒரு கையை நந்தியின் மேல் போட்டுக்கொண்டு சாய்ந்து நிற்கிறார். நந்தி இல்லை, காணாமல் போய்விட்டது. வெறும் காற்றில் கை கிடக்கிறது. ஆனாலும் அவர் விழுவது போல ஒரு கணமும் தோன்றவில்லை.

இதோடு கிரேக்கச் சிற்பி ப்ராக்ஸிடெலீஸின் பல்லியைக் கொல்லும் அப்போலோவை ஒப்பிட்டுப் பாருங்கள். அவரும் இடது கையை மரத்தில் ஊன்றிச் சாய்கிறார். அந்த மரத்தை மனதில் எடுத்துவிட்டால் அப்போலோ சரிந்துவிடுவார். பொலிக்ளெய்டோஸின் ஆள் சரியமாட்டான், ஏனென்றால் அவன் கணக்கு அவன் உடம்புக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ஒரு கால், அதற்கு எதிர்க்கை, முடிந்தது. அவனுக்குப் பக்கத்தில் யாரும் தேவையில்லை.

ரிஷபவாகனருக்குப் பக்கத்தில் தேவி நிற்கிறாள், 1012-இல் வைத்தது. ஒரு பக்கம் நந்தி, இன்னொரு பக்கம் தேவி. தேவியின் வலது கை பூப்பிடிக்கும் கடக முத்திரையில், இடது கை யானைத் துதிக்கை போலத் தொங்குகிறது. பெரும்பாலான தேவியர் சிலைகளில் தொங்கும் கை இருக்கும் பக்கம்தான் இடுப்பு தள்ளியிருக்கும், எடையும் அந்தப் பக்கத்துக் காலில். அதாவது இடுப்பு சுவாமியை விட்டு விலக, மேலுடம்பு அவர் பக்கம் வருகிறது. அவளைத் தனியாகப் பார்த்தால் அழகான வளைவு. அவரோடு சேர்த்துப் பார்த்தால் அந்த வளைவுக்குக் காரணம் தெரிகிறது. சோழச் சிற்பியின் எடைக் கணக்கு ஒரு சிலையோடு முடிவதில்லை, அடுத்த பீடம் வரை போகிறது. நான் இந்த இழையில் சொல்ல வந்தது இதுதான்.

அதனால்தான் ஜோடியைப் பிரித்து வைக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. ஒரு அருங்காட்சியகத்தில் தேவியைச் சுவாமிக்கு வலப்பக்கம் வைத்திருந்தார்கள். அவள் மேலுடம்பு யாரும் இல்லாத சுவரின் பக்கம் சாய்ந்திருந்தது. லேபிளில் காலம், உலோகம், ஊர் எல்லாம் சரியாக இருந்தது.

ஜூன் 20
ஒருவர் நல்ல கேள்வி கேட்டார்: பெரியவர்கள் முன் ஒரு காலில் சாய்ந்து நிற்காதே என்று நம் வீடுகளில் அதட்டுவார்கள், அப்படியானால் சாய்ந்து நிற்பது ஆண்டவனின் உரிமையா? ராமர் செட்டை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ராமர் வில் பிடிக்கும் கையை உயர்த்தித் திரிபங்கத்தில் நிற்க, அனுமன் வாய் பொத்தி அடக்கமாக நிற்பார்.

ஆனால் யோசித்தால் இடிக்கிறது. லட்சுமணனும் வளைந்துதான் நிற்கிறான். துவாரபாலகர்கள் கதாயுதத்தின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒய்யாரமாகச் சாய்கிறார்கள், அவர்கள் வேலைக்காரர்கள். மறுபக்கம், பெருமாள் நின்ற கோலத்தில் சமபாதமாக, அசையாமல் நேராக நிற்கிறார். சிவனின் சந்திரசேகரர் வடிவமும் அப்படியே. ஆக, உரிமை என்று ஒரே வரியில் முடிக்க முடியாது. கூட்டத்தில் ஒருவர் நேராக நின்றால் மற்றவர்கள் வளைகிறார்கள் என்பதுதான் எனக்குத் தெரிகிறது. பெருமாள் நடுவில் நூலாகவே நிற்கிறார், இரு தேவியரும் அவருக்கு இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி எதிரெதிராக வளைகிறார்கள்.

ஜூன் 26
கடைசியாகக் கேட்டவருக்கு: ஆம், தேவி சிலை தனியாகக் கிடைத்தாலும் ஸ்ரீதேவியா பூதேவியா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பூப்பிடிக்கும் கை பெருமாள் பக்கம் இருக்கும். ஸ்ரீதேவி அவருக்கு வலப்பக்கம் நிற்பதால் அவளுடைய இடது கையில் தாமரை, வலது கை தொங்கும். பூதேவிக்கு வலது கையில் பூ, இடது கை தொங்கும். ஸ்ரீதேவிக்கு மார்புக் கச்சை உண்டு, பூதேவிக்கு இருக்காது. நீங்கள் அனுப்பிய படத்தில் கச்சை கட்டிய தேவிக்கு வலது கையில் பூ இருக்கிறது. பார்வதி, சீதை ஆகியோருக்கும் வலக்கையில்தான் பூ, அதனால் முதலில் பெருமாள் செட்தானா என்று பாருங்கள். செட் அதுதான் என்றால், படத்தை யாரோ இடவலமாகத் திருப்பிப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். பின்னணியில் ஏதாவது எழுத்துப் பலகை தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள், எழுத்து கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறியிருந்தால் சந்தேகம் தீர்ந்தது.